முப்பத்தொரு நிமிடம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

வாலு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதை முதலில் எழுதாவிட்டால் அண்ணி அடுத்த வரியைப் படிக்க விடமாட்டார் என்று தெரியும். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணியின் முழங்கால் தேவலையா?

போனில் பேசினால் நான் 'ம், ம்' என்றபடி கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம்தான் கேட்கிறது, இனிமேல் கடிதம் போடு என்று சட்டம் போட்டீர்கள். கட்டுப்பட்டுவிட்டேன். ஆபீஸ் உறையிலேயே அனுப்புகிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.

புது வேலையில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டீர்கள். அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்வதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. ஏதாவது ஒரு துறை பெரிதாக ஒன்றைச் செய்யப்போகிறது என்றால் எங்களைக் கூப்பிடும். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு போய் உட்காருவோம். அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்தவர்களிடம் கேள்வி கேட்போம், அவர்கள் சொன்னதையே படம் போட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுப்போம். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு போனால் மூன்று வரியாக வெட்டித் தருவார். எங்கள் அகராதியில் 'மூடுவது' என்ற சொல்லே கிடையாது, 'ஒருங்கிணைப்பது'தான். தவறிப்போய் ஒருமுறை 'மூடுதல்' என்று எழுதிவிட்டேன். கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, "ஏம்மா, நம்ம என்ன கடையா நடத்துறோம், மூடுறதுக்கு?" என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். சும்மா தெரிந்துகொள்ளத்தான். உங்கள் நிலையத்து ஆம்புலன்ஸ் இல்லாமல், பெரிய ஊர் நிலையத்திலிருந்தே மலைமேல் இருக்கும் கல்குவாரிக் குடியிருப்புக்கு ஒரு வண்டி போனால் எத்தனை நிமிடம் ஆகும்? நீங்கள் எப்போதாவது அப்படிப் போயிருக்கிறீர்களா? பத்தாம் தேதிக்குள் பதில் வந்தால் நல்லது.

உங்கள்
வாலு


பிப்ரவரி 7

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முதுகு, வண்டி இருக்கை, இரண்டும் ஒரே வயசு. ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டு ஓடுகின்றன. உன் அண்ணி உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "வேளைக்குச் சாப்பிடுறேன்னு எழுதியிருக்கா, என்ன சாப்பிடுறான்னு எழுதலயே" என்றாள்.

சும்மா கேட்பவள் தேதி சொல்லியா கேட்பாள்? யாரிடமாவது பந்தயம் கட்டியிருக்கிறாய் போல. கட்டியிருந்தால் நீதான் ஜெயிப்பாய்.

போன வருஷம் டயர் மாற்றுவதற்காகப் பெரிய ஊர் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோயிருந்தேன். அங்கிருக்கும்போதே அழைப்பு வந்தது. கல்குவாரிக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. எங்கள் நிலையத்து மற்ற வண்டி வேறு பக்கம் போயிருந்தது. நான் அங்கிருந்தே கிளம்பினேன். முப்பத்தொரு நிமிடம்! கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். பெரிய ஊர் ஆட்கள் நம்பவேயில்லை. "வண்டிக்கு றெக்கை கட்டியிருக்கியாண்ணே?" என்று கேட்டார்கள். எப்படிப் போனேன் என்று மட்டும் கேட்காதே. பத்தொன்பது வருஷத்துத் தொழில் ரகசியம்.

தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பிள்ளை இப்போது நடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெளியே தின்றால் பார்த்துத் தின்.

அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதியே கைக்கு வந்துவிட்டது. பதில்தான் தாமதம், மன்னிக்க வேண்டும். ஜலதோஷம் பிடித்து விட்டது, இப்போது பரவாயில்லை. நீங்கள் இருவரும் நலம்தானே?

இங்கே ஒரு பெரிய அறிக்கை முடிந்தது. முந்நூறு பக்கம். கடைசிப் பத்து நாளும் மதியச் சாப்பாடு கம்ப்யூட்டர் முன்னாலேயே. முடிந்த அன்று எல்லோரையும் நிற்க வைத்து கத்தரி பேசினார். "எல்லாரும் கைய விரிச்சப்ப இந்தப் பொண்ணுதான் அந்தக் காலிக் கட்டத்த நிரப்புச்சு" என்று என்னைக் காட்டினார். கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் அறைக்கு வந்தபின் ஏனோ சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணா, நீங்கள் பெரிய ஊருக்கு மாற்றல் கேட்டால் என்ன? மலைப்பாதை உங்கள் முதுகுக்கு ஆகாது. அண்ணிக்கும் பக்கத்திலேயே மருத்துவமனை இருக்கும். இப்போது கேட்டால் கேட்ட இடம் கிடைக்கும். கொஞ்ச நாள் கழித்துக் கேட்டால் எப்படியோ, சொல்ல முடியாது. உங்கள் முதுகை நினைத்துத்தான் சொல்கிறேன்.

அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
வாலு


மார்ச் 8

அன்புள்ள வாலுவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

மாற்றலா? பத்தொன்பது வருஷமாக என் முதுகைப் பற்றிக் கவலைப்படாதவள் திடீரென்று படுகிறாய். நான் போய்விட்டால் மேலே குடியிருப்புக்கு யார் போவது?

போன செவ்வாய்க்கிழமை நிலையத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கொட்டகையை டேப் வைத்து அளந்தார்கள். நாற்காலிகளை எண்ணினார்கள். கழிப்பறைக் கதவைக்கூட விடவில்லை. கட்டடத்தை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "மேல வந்து ரோட்டையும் ஒரு தடவ பாத்துட்டுப் போங்க சார்" என்றேன். "அதெல்லாம் அறிக்கைலயே வந்தாச்சு" என்றார் ஒருவர். "எந்த அறிக்கை?" என்று கேட்டேன். அவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் டேப்பைச் சுருட்டினார்.

அவர்கள் கழுத்து அட்டையில் ஒரு நீல முத்திரை இருந்தது. உன் கடித உறையில் இருக்கும் அதே முத்திரை. இரண்டு நாளாக அந்த உறையை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆட்களா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

அண்ணன்


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணியின் முழங்காலுக்கு இங்கே ஒரு நல்ல பட்டை கிடைக்கிறது, மாட்டிக்கொண்டு நடந்தால் வலி தெரியாதாம். அளவு எழுதினால் வாங்கி அனுப்புகிறேன். வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், வண்டியிலும் ஒரு புட்டி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அறை மாறிவிட்டேன். புது அறையில் ஜன்னல் கிழக்குப் பார்த்து இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு: எங்கள் நிறுவனத்தில் நானூறு பேர் இருக்கிறார்கள். யார் எங்கே போகிறார்கள், எதை அளக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் வேலை விஷயத்தை வெளியே எழுதக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

வேலை கொஞ்சம் அதிகம். அடுத்த கடிதம் தாமதமானால் கவலைப்படாதீர்கள்.

வாலு


மே 9

அன்பான நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நன்றாக இல்லை.

சென்ற திங்கட்கிழமை எல்லா நிலையங்களுக்கும் அறிக்கையின் சுருக்கம் வந்தது. பதினோரு நிலையங்களை ஆறாகக் குறைக்கிறார்கள். இவருடைய நிலையம் குறைக்கிற பட்டியலில். நாற்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது: 'அனுபவம் மிக்க ஓட்டுநர் ஒருவரின் கூற்றுப்படி, பெரிய ஊர் நிலையத்திலிருந்து கல்குவாரிக் குடியிருப்பை முப்பத்தொரு நிமிடத்தில் அடையலாம்.' இவர் நின்றபடியே படித்தாராம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஐந்து நாளாக வாய் திறந்து பேசவில்லை. நிலையத்தில் இருக்கும் ஒன்பது பேரும், "எந்தப் பய அப்படிச் சொன்னான்?" என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். இவரும் அவர்கள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உனக்கு இவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அந்த முப்பத்தொரு நிமிடம் பொதுச் சாலையில் போனது இல்லை. கல்குவாரி கம்பெனிக்கு மலையைக் குடைந்து போட்ட சொந்தச் சாலை ஒன்று இருக்கிறது. வெளி வண்டி அதில் போகக்கூடாது. கேட்டில் நிற்கும் காவலாளியின் மனைவியை ஒருமுறை இவர்தான் சரியான நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தார். அதிலிருந்து இவர் வண்டியைத் தூரத்தில் பார்த்தாலே அவர் கேட்டைத் திறந்துவிடுவார். இவருக்கு மட்டும். மற்றவர்கள் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொன்று இல்லை.

நீ ஏப்ரலில் எழுதிய கடிதம் முத்திரை இல்லாத வெள்ளை உறையில் வந்தது. அதைக் கையில் வாங்கியதுமே இவருக்குப் புரிந்துவிட்டது. பிரித்தது அப்புறம்தான்.

ஜூன் ஐந்திலிருந்து சோதனை முறையில் இவர்கள் வண்டிகளைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். ஏதாவது செய்ய முடிந்தால் செய். முடியாவிட்டால் அதையாவது எழுது.

அண்ணி


மே 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

அந்த அறிக்கையை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. நானூறு பேர் என்று எழுதினேன். அந்த வேலையில் இருந்தது ஆறு பேர்.

நாற்பத்தாறு பாதைகள். நாற்பத்தைந்தை எங்கள் ஆட்கள் அளந்துவிட்டார்கள். உங்கள் பாதையை அளக்கப் போன சமயத்தில் மண் சரிந்து வழி அடைபட்டிருந்தது, திரும்பிவிட்டார்கள். அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் காலி. முப்பத்தைந்து நிமிடத்துக்குள் வேறு நிலையத்து வண்டி வரமுடிந்தால் ஒரு நிலையத்தைக் குறைக்கலாம், அதைத் தாண்டினால் தொடக்கூடாது. இதுதான் விதி. எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். நீங்கள் நாற்பதுக்குமேல் எழுதுவீர்கள், உங்கள் நிலையம் தப்பிவிடும் என்று நினைத்தேன். முப்பத்தொன்று என்று வந்தது. எப்படிப் போனீர்கள் என்று ஒரு வரி திருப்பிக் கேட்டிருக்கலாம். மறுநாள் கெடு. கட்டத்தை நிரப்பிவிட்டேன்.

நேற்று கத்தரியின் அறைக்குப் போனேன்.

"சார், அந்த முப்பத்தொண்ணு தப்பு."

"தப்புன்னு எப்படித் தெரியும்?"

"அவர் பொதுச் சாலையில போகல சார். வேற வழி."

"அதையும் அவரே சொன்னாரா?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இங்க பாரும்மா. ஒரு எண்ண மாத்தினா மிச்ச நாப்பத்தஞ்சையும் கேப்பாங்க. முடிவு அவங்களோடது. நம்மளக் கூப்பிடறதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. காரணம் எழுதிக் குடுக்கத்தான் நம்ம. போய் ஒரு டீ குடிச்சிட்டு வேலையப் பாரு."

ஜூன் பத்தொன்பதாம் தேதி துறைச் செயலாளர் முன்னால் கடைசிக் கூட்டம். அதற்குள், பொதுச் சாலையில் எவ்வளவு நேரம் ஆகும், அன்று எந்த வழியாகப் போனீர்கள் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அதை வைத்து என்னால் பேச முடியும். இன்னொரு தடவை வாய்வார்த்தையை வைத்து எழுத மாட்டேன்.

வாலு


மே 22

தங்கைக்கு,

கையெழுத்துப் போட முடியாது.

நான் போட்டால் கேட் காவலாளிக்கு வேலை போகும். அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. என் வாய்க்கொழுப்புக்கு இன்னொருவர் அடுப்பை அணைக்க மாட்டேன்.

தப்பு என்னுடையதும்தான். எப்படிப் போனேன் என்று எழுதியிருந்தால் இது வந்திருக்காது. உன்னிடம் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன்.

ஆனால் நீ தங்கையாகக் கேட்டாய். அதிகாரியாக எழுதிக்கொண்டாய். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அண்ணன்


மே 31

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும்.

கையெழுத்து வேண்டாம். நீங்கள் சொன்னது சரி. நான் கேட்டிருக்கக் கூடாது.

இருபத்தொன்பதாம் தேதி லீவு போட்டுவிட்டுப் பெரிய ஊருக்கு வந்தேன். ஒரு வாடகைக் காரை எடுத்து, ஆம்புலன்ஸ் நிலைய வாசலிலிருந்து கல்குவாரிக் குடியிருப்பு வரை பொதுச் சாலையில் போனேன். மூன்று தரம். நாற்பத்தேழு, ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது. பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றதில் ஐந்து நிமிடம் போயிற்று. கார் ஓட்டுநரிடம் கையெழுத்தும் நேரமும் எழுதி வாங்கிக்கொண்டேன். சைரன் வைத்த வண்டி இரண்டு மூன்று நிமிடம் முந்தலாம். அந்த வளைவுகளில் அதற்குமேல் முடியாது என்று நானே கண்ணால் பார்த்தேன். அறிக்கை எழுதும்போது அந்த வளைவு எனக்கு வரைபடத்தில் ஒரு நெளிவு. அவ்வளவுதான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. மூன்று தரமும் உங்கள் நிலையத்தைத் தாண்டித்தான் போனேன். இரண்டாம் தரம் நீங்கள் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தீர்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தீர்கள். கார் ஓட்டுநர், "தெரிஞ்சவங்களாம்மா? நிறுத்தட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உங்களைப் பார்த்துப் பேசிவிட்டால், அண்ணனுக்காக அளந்த அளவு என்று இதையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தத் திருப்பம் தாண்டியபின் காரை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பத்தொன்பதாம் தேதிக் கூட்டத்தில் எனக்குப் பேச வாய்ப்பில்லை. படங்களை மாற்றுகிற வேலைதான் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அறைக்குள் இருப்பேன்.

வாலு


ஜூன் 12

தங்கைக்கு,

அண்ணி சுகம். நான் என்ன சொல்ல.

ஐந்தாம் தேதி வண்டிகளைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோனோம். அங்கே வரிசை முறை. அழைப்பு வந்தால் முதலில் நிற்கும் வண்டி போகும். பத்தாம் தேதி காலை பதினொன்றே காலுக்குக் குடியிருப்பிலிருந்து அழைப்பு. கல் உடைக்கும் ஆள் ஒருவர் காலின்மேல் பாறை உருண்டுவிட்டது. நான் வரிசையில் இரண்டாவது. முதல் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமான ஓட்டுநர். நல்ல ஓட்டுநர்தான். பொதுச் சாலையில் போனார். ஐம்பத்தொரு நிமிடம்.

அவர் கிளம்பிய பத்தாவது நிமிடம் கேட் காவலாளி எனக்குப் போன் செய்தார். "அண்ணே, தொறந்து வச்சிட்டு நிக்கறேன். எங்க இருக்கீங்க?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தப் புது ஓட்டுநருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. யாருக்கும் நான் சொல்லியதில்லை. சொன்னால் அது என் ரகசியமாக இருக்காதே.

ஆள் பிழைத்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரத்தம் அவ்வளவு நேரம் போகாமல் இருந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

நேற்று காவலாளி வீட்டுக்கு வந்தார். உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், நான் மறுத்ததையும் சொன்னேன். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எழுதுங்கண்ணே. என்னையும் சேத்து எழுதுங்க. பூட்டு அவங்க போட்டது, தொறந்தது நான். அதச் சொல்ல எனக்கென்ன வெக்கம்? வேல போனா வேற பாத்துக்கறேன்" என்றார்.

இத்துடன் இருக்கிறது. இரண்டு கையெழுத்து.

அண்ணன்


ஜூன் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். எனக்கு இப்போது வேலை இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெரிய அறை. நீள மேசை. செயலாளர் ஒரு அம்மா, ஓய்வு பெறும் வயது. எதையும் பேனாவால் கோடு போட்டுப் படிப்பவர். நான் பின்னால் நின்று படங்களை மாற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் காகிதம் என் கோப்புக்குள் இருந்தது. கூட்டத்துக்கு முன்பே அதைக் கத்தரியிடம் காட்டினேன். தொடக்கூட இல்லை. "உள்ள வை" என்றார்.

இருபத்தேழாவது படம் வந்ததும் செயலாளர் பேனாவை நிறுத்தினார். "இந்தப் பாதைக்கு முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கீங்க. போன வாரம் அம்பத்தொண்ணு ஆயிருக்கே?"

கத்தரி சிரித்த முகமாகச் சொன்னார்: "அது புது டிரைவர் அம்மா. மலைப் பழக்கம் இல்ல. பயிற்சி குடுத்தா சரியாயிடும்."

அதுவரைக்கும் பேசுவேனா என்று எனக்கே நிச்சயமில்லை, அண்ணா. பழியைத் தூக்கி அந்த ஓட்டுநர் தலையில் வைத்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அம்மா, டிரைவர் மேல தப்பில்ல. எண்ணுதான் தப்பு. எழுதினது நான்."

கத்தரி திரும்பி, "நீ உக்காரு" என்றார். உட்கார அங்கே நாற்காலி இல்லை.

"பேசட்டும்" என்றார் செயலாளர். "யாரு அளந்தது?"

"யாரும் அளக்கலம்மா. ஒரு டிரைவர்கிட்டக் கேட்டு எழுதினேன். எந்த வழின்னு கேக்கல." உங்கள் காகிதத்தையும் நான் அளந்த மூன்று நேரங்களையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். படித்தார். கோடு போட்டார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "இந்த டிரைவர் உங்களுக்கு யாரு?"

இதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். யாரோ என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"என் அண்ணன்."

கத்தரி கண்ணை மூடிக்கொண்டார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "சொந்த அண்ணன்கிட்டக் கேட்டு எழுதினது தப்பு. மறைச்சது அதவிடத் தப்பு. இப்ப அண்ணனுக்காகப் பேசறீங்களா, இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"தெரிஞ்சுக்க முடியாதும்மா. அதனால எங்கள நம்பாதீங்க. நீங்களே ஆள் அனுப்பி அளந்துடுங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கோப்பை மூடி, "நாப்பத்தாறையும் நம்ம ஆளுங்களே அளக்கட்டும். அதுவரைக்கும் எதையும் குறைக்க வேண்டாம்" என்றார். என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு என் கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கத்தரி லிஃப்ட் வரை வந்தார். "முன்னாடியே எங்கிட்ட அண்ணன்னு சொல்லியிருந்தா அந்தக் கட்டத்தக் காலியா விட்டிருப்பேன்மா" என்றார். பொய் சொல்கிறாரா என்று தெரியவில்லை. ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

அந்தக் கல் உடைக்கும் மனிதரைப் பார்க்க நான் வரலாமா? எந்த முகத்தோடு வருவது என்று தெரியவில்லை.

வாலு


ஆகஸ்ட் 16

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம், அண்ணியும் சுகம். இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத வரவில்லை.

துறை ஆட்கள் எல்லாப் பாதையையும் அளந்து முடித்துவிட்டார்கள். எங்கள் பாதை நாற்பத்தெட்டு. வேறு ஒரு நிலையத்துப் பாதையிலும் கணக்கு உதைத்ததாம். இரண்டு நிலையங்கள் தப்பின. மற்ற மூன்றையும் மூடிவிட்டார்கள். 'ஒருங்கிணைத்தார்கள்' என்றுதான் உத்தரவில் இருக்கிறது. சென்ற மாதக் கடைசியில் எங்கள் வண்டிகள் திரும்பி வந்தன.

கம்பெனிச் சாலையில் போனதற்காக எனக்கு மூன்று மாதம் ஓட்டக்கூடாது என்று தண்டனை. ரேடியோ முன்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வழி சொல்கிறேன். காவலாளியைக் கேட்டிலிருந்து எடுத்து லாரி எடைமேடைக்கு மாற்றிவிட்டார்கள். வேலை இருக்கிறது. கம்பெனி கேட்டை அவசரத்துக்குத் திறக்க வேண்டும் என்று துறையிலிருந்து கடிதம் போயிருக்கிறது, இன்னும் பதில் இல்லை.

நிலையத்து ஆட்களிடம், முப்பத்தொன்று சொன்ன அந்த ஓட்டுநர் நான்தான் என்று சொன்னேன். இரண்டு பேர் இன்றுவரைக்கும் என்னோடு பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் அந்த மனிதரைப் பார்க்கப் போனோம். கட்டிலில் உட்கார்ந்து வானொலிப் பெட்டி ஒன்றைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே திருகாணிகளை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தார். "பாறைய உருட்டிவிட்டது நீங்க ரெண்டு பேரும் இல்லயே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இன்னொரு தடவ வந்து இதையே சொல்லாதீங்க. என்னால கேக்க முடியல" என்றார். அதனால் நீ அவரைப் பார்க்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

என் கோபம் போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று தெரியும். முழுதாகப் போகவில்லை, வாலு. சில நாள் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கும்போது திரும்ப வருகிறது. பாதி உன்மேல், பாதி என்மேல். எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. உன்னைப்போல அளந்து சொல்லவும் எனக்குத் தெரியாது.

கோபம் தீரட்டும், அப்புறம் போகலாம் என்று அங்கேயே உட்கார்ந்திருக்காதே. அது எப்போது தீருமோ. அண்ணி இப்போதே உனக்குப் படுக்கை விரித்து வைத்துவிட்டாள். வா. வந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிடு. நான் பேசாமல் இருந்தால் பேசாமலே சாப்பிடு.

அண்ணன்